டான் மியாங்கில் இறங்கி சுவர்ணபூமியில் ஏற மூன்றரை மணி நேரம்

நானும் அம்மாவும் கோலாலம்பூரிலிருந்து பாங்காக் வழியாக சியாங் மாய் போகிறோம். இரண்டும் தனித்தனி டிக்கெட். வாங்கிய பிறகுதான் கவனித்தேன், பாங்காக்கில் இறங்குவது டான் மியாங் விமான நிலையம், அடுத்து ஏறுவது அங்குள்ள இன்னொரு விமான நிலையமான சுவர்ணபூமி.

வரும் வெள்ளி காலை 10:05க்குக் கிளம்பி 11:15க்கு இறங்குகிறோம். (ஒரு மணி பத்து நிமிடப் பயணம் என்று நானும் ஏமாந்தேன். சுமார் 1,200 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தாய்லாந்து கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால்.) அடுத்த விமானம் பிற்பகல் 2:50. குடிநுழைவு முடித்து, இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு, சாலை வழியே போக வேண்டும்.

நேரம் மாற்றக் கேட்டேன்; புது டிக்கெட் விலையே சொல்கிறார்கள். பெட்டியை நேரே அனுப்பவும் முடியாதாம்.

வெள்ளி மதியம் அந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்: விமான நிலைய இலவசப் பேருந்தை நம்பலாமா, டாக்சியே பிடித்துவிடவா?