மறு: பயோஸ்வேலுக்குத் தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

சாலையோர மழைநீரைச் செடிகளிடையே தேக்கி மண்ணில் இறக்கும் பள்ளமான பயோஸ்வேலுக்கு (bioswale) வந்த பெயர்களைப் பற்றி:

> "உயிரி வடிகால்" என்றே வைத்துவிடலாமே. பயோ என்றால் உயிரி, அவ்வளவுதான்.

வைக்கலாம். ஆனால் சென்னைக்காரருக்கு வடிகால் என்றால் கான்கிரீட் பெட்டி. அதன் மூடிதான் பல தெருக்களில் நடைபாதை. வந்த தண்ணீரைக் கூவத்துக்கோ அடையாற்றுக்கோ தள்ளிவிட்டால் அதன் வேலை முடிந்தது. பயோஸ்வேல் நேர் எதிர். சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவே, சாலை மட்டத்துக்குக் கீழே, ஆழமில்லாத நீளப் பள்ளம். ஓரக்கல்லில் விட்ட இடைவெளி வழியாகச் சாலைத் தண்ணீர் உள்ளே வரும். வெட்டிவேர், கோரை வேர்களுக்கிடையே தேங்கி, எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் மண்ணிடம் விட்டுவிட்டுக் கீழே இறங்கும். மிஞ்சியது மட்டும் சற்று உயர்த்தி வைத்த வாய் வழியாக வடிகாலுக்குப் போகும். ஒரே வரைபடத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் வடிகால் என்று எழுதினால் கான்ட்ராக்டர் இரண்டையும் கான்கிரீட்டிலேயே போட்டுவிடுவார்.

பெயர்களில் "ஊறல்" அழகான சொல்தான். ஆனால் 'சாராய ஊறல் அழிப்பு' என்று செய்தி படித்துப் பழகிய ஊரில், பாண்டிபஜாரில் ஊறல் அமைக்கிறோம் என்று மாநகராட்சி எப்படி அறிவிக்கும்? "ஊறுகால்" என்றால் ஊறுகாயா என்பார்கள்.

என் ஓட்டு பாத்திக்கு. வரப்பு கட்டி, தண்ணீர் நிறுத்தி, செடி வளர்க்கும் இடம். கீரை போட்டவர் யாருக்கும் விளக்க வேண்டாம். வீட்டு முற்றத்திலோ பூங்காவிலோ இருப்பது மழைப்பாத்தி. சாலையோரமாக நீண்டு லேசாகச் சரிந்து போவது நெடும்பாத்தி.

> பாத்தி என்றால் தண்ணீர் நிற்கும். கொசு வருமே?

முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரமாவது ஆகும். ஒன்றிரண்டு நாளில் வற்றும்படிதான் இதை வடிவமைக்கிறார்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் மணல் மடமடவென்று குடித்துவிடும். களிமண் பகுதிகளில் அப்படி நடக்காது. அடியில் ஜல்லியும் துளைக்குழாயும் வைத்தாக வேண்டும். ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் வடகிழக்குப் பருவமழையை இது தனியாகத் தாங்கும் என்று யாரும் நம்பவேண்டாம். வடிகாலும் வேண்டும்.

-----

மறுமொழி:

பாத்தி சரி, ஏற்கிறேன். இடம் எங்கே? தடையில்லாத நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது, சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி. நம் தெருக்களில் டிரான்ஸ்பார்மரும் இளநீர் வண்டியும் போக அதில் பாதி மிஞ்சினாலே பெரிது. பாத்திக்கான அகலத்தை வண்டி நிறுத்தும் பட்டையிலிருந்துதான் எடுக்க வேண்டும். 2014இல் மாநகராட்சியே மோட்டாரில்லாப் போக்குவரத்துக் (நடை, சைக்கிள்) கொள்கையை ஏற்றிருக்கிறது, துணைக்கு அதைக் காட்டலாம். அப்புறம், நடுவே பாத்தி இருந்தால் பைக்குகள் நடைபாதையில் ஏறுவதும் குறையும். நடப்பவருக்கு இதுதான் முதல் லாபம் என்பேன்.

ஒன்று விட்டுப்போனது. ஓரக்கல்லில் விடும் அந்த இடைவெளிக்கும் பெயர் வேண்டும். "ஓரக்கல் வெட்டு", "நீர்நுழை துளை" என்றெல்லாம் யாரோ பட்டியலிட்டிருந்தார்கள். பாத்திக்குத் தண்ணீர் விடும் திறப்பு மடை. அதையே வைத்துக்கொள்வோம்.