ஏர்பிரஷ்: காற்றுத்தூரிகையா, துமிப்பானா, ஊதுதூரிகையா?

நண்பர்களே, வணக்கம்.

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். காற்றின் வேகத்தால் வண்ணத்தை நுண்துளியாகத் தெளிக்கிற ஏர்பிரஷ் என்ற பேனா மாதிரியான கருவிக்குத் தமிழ் என்ன என்று ஒருவர் கேட்டதும் காற்றுத்தூரிகை, வளித்தூரிகை, துமிப்பான், வண்ணத்தூவி, நுண்தெளிப்பான் என்று ஐந்து சொற்கள் வந்து விழுந்துவிட்டன. மகிழ்ச்சிதான். ஆனால் கேட்டவர் எதற்காகக் கேட்டார் என்பதைக் கொஞ்சம் விட்டுவிட்டோமோ என்று தோன்றுகிறது. விமான மாதிரி செய்யப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு, முதல் ஏர்பிரஷ்ஷை எப்படிப் பார்த்து வாங்குவது என்று அவர் தமிழில் ஒரு வழிகாட்டி எழுதுகிறார். கருவியின் பெயர் மட்டும் கிடைத்தால் அவருக்குப் போதாது. கடையில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல ஏழெட்டுச் சொல்லாவது வேண்டும், அதுவும் படிக்கிற பையனுக்குக் கருவி கண்முன் தெரிகிற மாதிரி. நான் பதினோரு வருடமாக விமான மாதிரிகளுக்கு வண்ணம் அடிக்கிறவன், மூன்று ஏர்பிரஷ் என் கையில் தேய்ந்திருக்கின்றன. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் பெயர்.

காற்றுத்தூரிகை நேர் மொழிபெயர்ப்பு. காற்றுத்தலையணை என்றால் காற்று அடைத்த தலையணை, காற்றுமெத்தை என்றால் காற்று அடைத்த மெத்தை. அந்த வழியில் காற்றுத்தூரிகை என்று கேட்கிற பிள்ளைக்குக் காற்று அடைத்த தூரிகைதான் மனதில் வரும். வளித்தூரிகைக்கும் இதே கதை, கூடவே வளி என்ற சொல் பாடநூலை விட்டு வெளியே வருவதில்லை. வண்ணத்தூவி கேட்க அழகு, ஆனால் வாயில் வண்ணத்துப்பூச்சியோடு இடித்துக்கொள்கிறது. தவிர, தூவுவது நமக்குப் பெரும்பாலும் உலர்ந்த பொருளை. பூவைத் தூவுவோம், உப்பைத் தூவுவோம், கொத்தமல்லி தூவி இறக்குவோம். நீர்மத்தைத் தெளிப்போம். சரி, அப்படியானால் நுண்தெளிப்பான் போதாதா என்றால், தெளிப்பான் என்றதும் வயலில் முதுகில் கட்டிக்கொண்டு மருந்தடிக்கிற கருவிதான் நினைவுக்கு வருகிறது. முன்னால் நுண் சேர்த்தாலும் அந்த நினைப்பு போகாது.

துமிப்பான் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நுண்துளி என்று பொருள்படும் துமி எனக்கு மிகவும் பிடித்த சொல். கம்பர் அதை ஆண்டபோது அப்படி ஒரு சொல் மக்கள் வழக்கில் உண்டா என்று ஒட்டக்கூத்தர் கேட்டாராம், மோர் கடைந்துகொண்டிருந்த ஒரு பெண் பிள்ளைகளைப் பார்த்து 'துமி தெறிக்கும், தள்ளிப்போங்கள்' என்று சொன்னதைக் கேட்டு ஒத்துக்கொண்டாராம். நம்மில் பலர் சின்ன வயதிலேயே கேட்ட கதை. அந்தச் சொல்லை இந்த இழையில் மீட்டுக் கொண்டுவந்த ஐயாவுக்கு என் நன்றி. ஆனால் துமிப்பான் என்றால் துமியாக்குகிற எல்லாக் கருவியும் ஆகிவிடும். வாசனைத் திரவியக் குப்பி, ஆஸ்பத்திரியில் மருந்தைப் புகையாக்கி மூச்சில் விடுகிற இயந்திரம், இவையும் துமிப்பான்தானே? எனவே துமியை அதன் உண்மையான இடத்தில் வைத்துக்கொள்வோம். கருவிக்குள் வண்ணம் வருகிற துளையில் நிற்கிற ஊசியின் நுனியில் காற்று பட்டு வண்ணம் உடைந்து பறக்கிற அந்த நுண்துளிதான் துமி, உடைகிற செயல் துமித்தல். 'காற்றழுத்தம் போதாவிட்டால் வண்ணம் சரியாகத் துமிக்காது' என்று எழுதிப் பாருங்கள், எவ்வளவு இயல்பாக உட்காருகிறது!

இந்தக் கருவிக்குப் பெயர் தேடுவது நமக்கு மட்டும் வந்த தொல்லையும் இல்லை. 1879-இல் அமெரிக்காவின் அயோவாவில் ஏப்னர் பீலர் முதலில் இதைச் செய்தபோது 'வண்ணத்தைப் பரப்புகிற கருவி' என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். அது நிற்கவில்லை. லிபர்டி வாக்கப் என்பவர் அந்தக் கருவியை வாங்கித் திருத்தி விற்கத் தொடங்கிய பிறகு ஏர்பிரஷ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. லண்டனில் சார்லஸ் பர்டிக்கின் நிறுவனமோ ஏரோகிராஃப் என்றது, அதாவது காற்றால் எழுதுவது. பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் இன்றுவரை அந்த வேர்தான். ஆகவே ஆங்கிலத்துப் பிரஷ்ஷை அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

என் பரிந்துரை ஊதுதூரிகை. இது நானாக யோசித்து எடுத்தது என்று சொல்ல மாட்டேன். போன மார்கழியில் புது ஊசி மாற்றிவிட்டு, பழைய தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பழகிக்கொண்டிருந்தேன். ஏழு புள்ளி ஏழு வரிசை வைத்து, விரலை மெல்லப் பின்னால் இழுத்து ஒவ்வொரு புள்ளியாக விட்டு, பிறகு சிக்குக்கோலம் மாதிரி வளைத்துச் சேர்ப்பேன். புள்ளி எல்லாம் ஒரே அளவில் விழுந்தால் கை சரி, ஊசி சரி. அம்மா காபி கொண்டு வந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். 'தூரிகை தாளைத் தொடவே இல்லையே, ஊதி ஊதியே கோலம் போடுறியேடா' என்றார். அன்றிலிருந்து எனக்கு இது ஊதுதூரிகைதான்.

இலக்கணமும் துணை நிற்கிறது. ஊதுகுழல், ஊதுகொம்பு, ஊதுவத்தி, ஊதுலை வரிசையில் இது வினைத்தொகை. அதனால் நடுவில் வல்லினம் மிகாது, ஊதுத்தூரிகை என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். வாயால் ஊதுவது என்று நினைத்துவிட மாட்டார்களா என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். ஊதுலை என்று பள்ளியில் படித்த யாரும் இரும்பு உலையை வாயால் ஊதுவதாக நினைத்ததில்லை. மயிரிழையே இல்லாத ஒன்றைத் தூரிகை என்பதா என்றால், பிடிக்கிற விதமும் செய்கிற வேலையும் தூரிகையுடையவை, அது போதும் என்பேன்.

அடுத்து, வாங்குகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது சிங்கிள் ஆக்‌ஷனா டபுள் ஆக்‌ஷனா என்பது. ஒருசெயல், இருசெயல் என்று யாரோ போட்டிருந்தீர்கள். என்ன செயல் என்பது அதில் தெரியவில்லை. ஒருவிசை, இருவிசை என்றால் விரலால் அழுத்துகிற விசை இரண்டு இருப்பதாகத் தேடுவார்கள், இருப்பதோ ஒன்றே ஒன்று. அந்த விசையின் அசைவைத்தான் எண்ண வேண்டும். கீழே அழுத்தினால் காற்றும் வண்ணமும் சேர்ந்தே வரும், வண்ணத்தின் அளவைத் தனியே ஒரு திருகில் முன்கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும், இது ஓரசைவு. அழுத்தினால் காற்று மட்டும், அப்படியே பின்னால் இழுத்தால் ஊசி விலகி வண்ணம், எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு வண்ணம், இது ஈரசைவு. யாப்பு படித்தவர்களுக்கு ஓரசைச்சீர், ஈரசைச்சீர் காதில் ஒலிக்கும், அதனால் மறக்காது.

விமான மாதிரிக்கு ஈரசைவுதான் வாங்க வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானியப் போர் விமானமான மெசர்ஷ்மிட் 109-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உடற்பகுதியின் பக்கவாட்டில் வெளிர்சாம்பல் மேல் அடர்சாம்பல் திட்டுகள், ஓரம் மங்கி அடியில் கரைகிற மாதிரி. ஆங்கிலத்தில் மாட்லிங் என்கிறார்கள், நமக்குத் தேமல் என்று அருமையான சொல் இருக்கிறது. நிஜ விமானத்தில் 30 செ.மீ. அகலமுள்ள ஒரு தேமல், நிஜத்தில் 72-இல் ஒரு பங்காகச் செய்கிற 1/72 அளவு மாதிரியில் நாலு மி.மீ. சொச்சம், 1/48-இல் ஆறு மி.மீ. சொச்சம். அந்த நாலு மி.மீ.க்குள் நடு அடர்ந்து ஓரம் மங்க வேண்டும் என்றால், காற்று முதலில் வந்து, வண்ணம் அப்புறம் கொஞ்சமாக வந்து, வண்ணம் நின்ற பிறகே காற்று நிற்க வேண்டும். ஓரசைவில் இரண்டும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நிற்பதால் தொடக்கத்திலோ முடிவிலோ ஒரு பொட்டு தெறித்துவிடும். இத்தாலியரின் மாக்கி 202 போர் விமானத்தில் வருகிற புகைவளைய உருமறைப்பு இதைவிடக் கடினம், அதில் ஒவ்வொரு வளையத்தையும் கோடாகவே சுழித்து வரைய வேண்டும்.

வண்ணம் வெளியே வருகிற நுனித்துளையான நாசிலுக்கு நுண்துளை முனை, தாரை வாய் எல்லாம் வேண்டாம், மூக்கு போதும். கெண்டிக்கு மூக்கு உண்டு, கூஜாவுக்கு மூக்கு உண்டு. ஆங்கில நாசிலும் மூக்கைக் குறிக்கிற சொல்லிலிருந்து பிறந்ததுதான். துளையின் அளவை மி.மீ.யில் சேர்த்து 0.2 மூக்கு, 0.3 மூக்கு என்று சொல்லிப் பழகிவிடலாம். முதல் கருவிக்கு 0.3 அல்லது 0.35 மி.மீ. எடுக்கச் சொல்லுங்கள். 0.2 வைத்தால் மெல்லிய கோடு வரும், ஆனால் அக்ரிலிக் வண்ணம் நிமிடத்துக்கு ஒருமுறை நுனியில் காய்ந்து அடைக்கும், புதியவர் வெறுத்துப்போவார். 0.5 மூக்கு அடிப்பூச்சுக்கும் வார்னிஷுக்கும் நல்லது, பெரிய குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைக்கு அதுதான் சுகம்.

மூக்கில் இன்னொரு வகைப்பாடு இருக்கிறது, விற்பனைப் பக்கங்களில் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. சிலவற்றில் மூக்கு அரிசி அளவுக்கு இருந்து, நுண்ணிய மரையால் உடலில் திருகப்பட்டிருக்கும். சிலவற்றில் மரையே கிடையாது, மூக்கை வெறுமனே செருகி மேலே மூடியைத் திருகினால் அது பிடித்துக்கொள்ளும். திருகுமூக்கு, செருகுமூக்கு என்று வைக்கலாமா? இரண்டும் வினைத்தொகை, ஒரே ஓசை. ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக்கின் எவல்யூஷன், இவாட்டாவின் எச்பி-சிஎஸ், பேட்ஜரின் பேட்ரியாட் 105 எல்லாம் செருகுமூக்கு. என் முதல் ஏர்பிரஷ் இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஒரு திருகுமூக்கு. மூன்றாம் வாரம் கழுவிவிட்டுத் திரும்ப மாட்டும்போது கூட வந்த குட்டி ஸ்பேனரால் ஒரு கால் சுற்று கூடுதலாகத் திருகினேன், 'டிக்' என்று ஒரு சத்தம். மூக்கு ஸ்பேனரோடு வந்துவிட்டது, மரை உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது. விற்றவரிடம் தனி மூக்கு கேட்டேன், உதிரி கிடையாது என்றார். கருவி முழுதும் போயிற்று, பாதி பூசிய ஸ்பிட்ஃபயர் விமான மாதிரி இரண்டு மாதம் அலமாரியில் கிடந்தது. அதனால் வழிகாட்டியில் மற்றது எது விட்டுப்போனாலும் இதை விட்டுவிடாதீர்கள்: செருகுமூக்கு, உதிரி கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குவது.

வண்ணம் ஊற்றுகிற இடத்துக்கு ஈர்ப்பு ஊட்டம், உறிஞ்சு ஊட்டம் என்று எழுதியிருந்தீர்கள். ஊட்டம் என்றால் சத்துணவு நினைவுக்கு வருவதால் கேட்கிறேன், கண்ணில் தெரிவதைச் சொன்னால் என்ன? மேலே கிண்ணம் இருந்தால் மேற்கிண்ணம், கீழே குப்பி தொங்கினால் கீழ்க்குப்பி, பக்கத்தில் இருந்தால் பக்கக்கிண்ணம். மேற்கிண்ணத்தில் வண்ணம் தானாக இறங்குவதால் பத்துச் சொட்டு இருந்தாலும் வேலை நடக்கும், குறைந்த அழுத்தமும் போதும். கீழ்க்குப்பியில் காற்று வண்ணத்தை மேலே இழுத்தாக வேண்டும், அதற்கு அழுத்தம் கூடுதலாக வேண்டும். சின்ன மாதிரிக்கு மேற்கிண்ணம்தான்.

கருவிக்குக் காற்று தருகிற கம்ப்ரசர் கம்ப்ரசராகவே இருக்கட்டும், பஞ்சர் கடை வரை தெரிந்த சொல். காற்றுத்தொட்டியோடு வாங்கினால் காற்று துடிக்காமல் சீராக வரும், பொது வேலைக்குக் காற்றழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வைத்தால் போதும். கூடவே வருகிற, காற்றின் ஈரத்தைப் பிடித்துவைக்கிற மாய்ஸ்ச்சர் டிராப்பை நீர்ப்பிடி எனலாம். கடலோர ஊர்க்காரர்களுக்கு அது கட்டாயம். ஐப்பசி மழையில் அது இல்லாமல் அடித்தால் திடீரென்று ஒரு சொட்டுத் தண்ணீர் வண்ணத்தோடு துப்பும். அடிக்கும்போது முகமூடி போடுவதையும் எழுதிவிடுங்கள், லாக்கர் வகை வண்ணத்தின் புகை நல்லதில்லை.

வண்ணத்தைக் கரைக்கிற அளவுக்கு விகிதம் என்று எழுதுவதைவிடப் பதம் என்பது மேல். பாகுக்குக் கம்பிப்பதம் பார்க்கிற வீட்டுப் பிள்ளைகள்தானே நாம். கிண்ணத்தின் சுவரில் ஒரு சொட்டை வழியவிட்டால் ஆடை எடுத்த பால் மாதிரி மெல்லிய படலம் விட்டு இறங்க வேண்டும், அது பதம். பதம் நீர்த்துப்போய்க் கிட்டத்தில் வைத்து அடித்தால் வண்ணம் நாலு பக்கமும் கால் விட்டு ஓடும். ஆங்கிலத்தில் சிலந்தி என்கிறார்கள், எனக்கு அது ஆலம்விழுதின் நுனி வேர் மாதிரித்தான் தெரிகிறது, வேரோடுதல் என்று குறித்துவைத்திருக்கிறேன். மேற்பரப்பு சொரசொரப்பாகக் குழி குழியாகக் காய்ந்தால் நார்த்தந்தோல்.

ஒன்று மட்டும் நானாக முடிவு செய்யத் தயக்கமாக இருக்கிறது. ஓவர்ஸ்ப்ரே. குறி வைத்த இடத்தைத் தாண்டிப் பறந்துபோய், வழியிலேயே பாதி காய்ந்து, பக்கத்து இறக்கையில் மாவு மாதிரி படிகிறதே, அது. மிகைத்தெளிப்பு என்று அகராதி பாணியில் சொல்லலாம், ஆனால் இங்கே அதிகமாகத் தெளித்தது தவறு இல்லை, காற்று அள்ளிக்கொண்டு போனதுதான் தவறு. மழை திண்ணைக்குள் வராது, காற்று கொண்டுவருகிற சாரல் மட்டும் வந்து பாயை நனைக்குமே, அதைத் தூவானம் என்போம். ஓவர்ஸ்ப்ரேயைத் தூவானம் என்று சொல்லலாம் என்று எனக்கு ஆசை. 'இறக்கையை மூடிவிட்டு அடி, தூவானம் படியும்' என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் புரியுமா? மாணவர்களோடு பழகுகிற ஆசிரியர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள், நாளை வகுப்பில் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.