புதுப்பிப்பு: காரிசா தாக்குதலுக்கு அப்புறம்

கென்யாவோட காரிசா யுனிவர்சிட்டில 2015 ஏப்ரல் 2 விடியக்காலைல சோமாலியாவோட தீவிரவாத அமைப்பான அல்-ஷபாப் ஆளுங்க புகுந்து 148 பேர கொன்னத பத்தி எழுதிருந்தேன்ல, அப்புறம் என்னாச்சுன்னு கேட்டீங்க. கேஸ் 2019 வரைக்கும் இழுத்து ஒருத்தனுக்கு ஆயுள், ரெண்டு பேருக்கு 41 வருஷம். கேம்பஸ 2016 ஜனவரிலயே திறந்துட்டாங்க, ஆனா தப்பிச்ச பசங்கள்ல நெறைய பேர் எல்டோரெட் பக்கம் மோய் யுனிவர்சிட்டிக்கு போயிட்டாங்க. ஒரு பொண்ணு அலமாரிக்குள்ள துணிய மேல போட்டுக்கிட்டு ரெண்டு நாள் ஒளிஞ்சிருந்து, தாகத்துக்கு பாடி லோஷன குடிச்சிருக்கா, போலீஸ் கூப்பிட்டப்பவும் நம்பல, டீச்சர் வந்து சொன்னப்புறம்தான் வெளிய வந்தா பாவம். எனக்கு மனசு ஆறாதது கென்யா போலீஸோட ரெக்கி அதிரடிப் படை விஷயம்தான், நைரோபில இருந்து அவங்க உள்ள இறங்கவே சாயங்காலம் ஆயிடுச்சு, இறங்குனதும் கொஞ்ச நேரத்துல முடிச்சுட்டாங்க, காலைலயே வந்திருந்தா எத்தன புள்ளைங்க பொழச்சிருக்கும், இதுக்கு யாருங்க பதில் சொல்றது?