கிளை நூலகத்தில் இலவச இணையப் பாதுகாப்பு வகுப்பு: எதைச் சொல்வது, எதை விடுவது?

காவிரிக்கரை வாசகர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூர் மாவட்டப் பேரூராட்சி ஒன்றின் கிளை நூலகத்தில் இயங்கும் வாசகர் வட்டத்தின் சார்பில் எழுதுகிறேன். ஓய்வூதியர்கள், மகளிர் சுயஉதவிக் குழுவினர், பூக்கடையும் தேநீர்க் கடையும் நடத்துவோர் என எங்கள் ஊரில் எல்லாருமே கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பவும் பெறவும் பழகிவிட்டார்கள். ஆனால், அதனோடு சேர்ந்து வந்த ஏமாற்றுகளைப் பற்றி அவர்களிடம் உட்கார்ந்து பேசியவர்கள் எவரும் இல்லை. ‘மின்கட்டணம் செலுத்தாததால் இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும்’ என்ற குறுஞ்செய்தியும், மகளிர் உரிமைத் தொகையின் பெயரைச் சொல்லி ஓடிபி கேட்கும் அழைப்பும், திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே என்ற செயலிக் கோப்பும் இங்கே புதியவை அல்ல.

ஞாயிற்றுக்கிழமைகளில் இடம் தருவதற்கு நூலகர் இசைந்திருக்கிறார். கட்டணம் வாங்கும் எண்ணம் இல்லை. எங்களில் யாரும் கணினித் துறையைச் சேர்ந்தவர்களும் அல்லர். நான் எழுதி வைத்திருக்கும் பாடத்திட்டத்தில் வைரஸ் வகைகள், கடவுச்சொல் அமைக்கும் முறை, பொது வைஃபை, தகவல் தொழில்நுட்பச் சட்டம் எனத் தலைப்புகள் ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டன. ஒன்றரை மணி நேரத்தில் இவற்றுள் எதைச் சொல்வது? தமிழில் நம்பத்தகுந்த பாடப்பொருள் எங்கே கிடைக்கும்? வருபவர்களின் கைப்பேசிகளை வாங்கி, வேண்டிய அமைப்புகளை நாங்களே செய்து கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் எழுதுகிறார்:

ஐயா, நல்ல முயற்சி. பாடத்திட்டத்தில் முக்கால் பங்கை வெட்டிவிடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. வைரஸ் வகைகளைத் தெரிந்துகொள்வதால் ஒரு பூக்கடைக்காரரின் பணம் காப்பாற்றப்படப் போவதில்லை. பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனேயே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும் என்பது அவர் மனத்தில் பதிந்திருந்தால், அதனால் காப்பாற்றப்படக் கூடும்.

இதற்குக் காரணம் உண்டு. ஏமாற்றிப் பறித்த பணம் முதலில் போய்ச் சேரும் கணக்கில் தங்குவதில்லை. அங்கிருந்து பல கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டு, கடைசியில் ரொக்கமாக எடுக்கப்பட்டுவிடும். 1930க்கு வரும் புகார் வங்கிகளுக்கு உடனே சென்று, பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே நிறுத்திவைக்கப்படுவதுதான் அந்த ஏற்பாட்டின் அடிப்படை. ஆகவே, ‘மகன் வேலையிலிருந்து வரட்டும், கேட்டுக்கொண்டு சொல்லலாம்’ என்று மாலை வரை காத்திருப்பவருக்கு நிறுத்திவைப்பதற்கே பணம் இருக்காது. அழைக்கும்போது கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதையும், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகாரை முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

வங்கிக்குத் தனியாகத் தெரிவிப்பதும் அதே அளவு முக்கியம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் மூன்றாம் தரப்பால் நேர்ந்த இழப்பை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. அவரே ஓடிபியையோ கடவுச்சொல்லையோ கொடுத்து ஏமாந்திருந்தாலும், புகார் செய்த நேரம் வரையிலான இழப்புதான் அவருடையது. அதற்குப் பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. ‘நான்தானே எண்ணைச் சொன்னேன், இனிப் புகார் செய்து என்ன பயன்’ என்று ஒதுங்கிவிடுபவர்களிடம் இந்த இரண்டாவது பகுதியை அழுத்திச் சொல்ல வேண்டும்.

துண்டறிக்கை அச்சிடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை: உதவி எண் தொடக்கத்தில் 155260 ஆக இருந்து, பின்னர் 1930 ஆக மாற்றப்பட்டது. பழைய எண்ணைத் தாங்கிய சுவரொட்டிகளும் படங்களும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

சுயஉதவிக் குழுப் பயிற்றுநர் எழுதுகிறார்:

உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் சொல்கிறேன். யாருடைய கைப்பேசியையும் கையில் வாங்காதீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் ‘நான் உதவுகிறேன், போனைக் கொடுங்கள்’ என்று சொல்லும்போது மறுக்க வேண்டும் என்பதுதான் நாம் கற்பிக்க வந்த பாடம். அந்த வகுப்பிலேயே அவர்களின் கைப்பேசியைத் திறந்து அமைப்புகளை மாற்றினால் அவர்கள் நேர்மாறானதையே கற்றுக்கொண்டு போவார்கள். வருகைப் பதிவேட்டில் ஆதார் எண், கைப்பேசி எண் கேட்பதும் இதே போன்றதுதான். பெயர் மட்டும் போதும். ஒரு அம்மா அமைப்பை மாற்ற அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் அவர் விரலாலேயே மாற்றட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று வாயால் மட்டும் வழி சொல்லுங்கள்.

அடுத்து, சொற்பொழிவைக் குறைத்து ஒத்திகையைக் கூட்டுங்கள். நம் பெரியவர்களுக்கு ஓடிபியைச் சொல்லக் கூடாது என்பது தெரியும். வங்கி வாசலிலும் தொலைக்காட்சியிலும் அதைத்தான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கடினமாக இருப்பது, எதிர்முனையில் அதிகாரத் தோரணையோடு பேசுபவரின் பேச்சை இடையில் துண்டிப்பதுதான். அது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் ஆழமாக ஊறியிருக்கிறது. எனவே இருவரை எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவர் வங்கி அலுவலராகவோ காவல் அதிகாரியாகவோ மிரட்டிப் பேச, மற்றவர் ‘நான் கிளைக்கு நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்’ என்று சொல்லி இணைப்பைத் துண்டிக்கும்வரை பழக்குங்கள். பயிற்சி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு நடத்துங்கள். சொல்லாமல் போலி அழைப்பு விடுத்துச் சோதிப்பது அவர்களை அவமானப்படுத்துவதாகும்.

காவல் அதிகாரி போலக் காணொலியில் அழைத்து, ‘உங்களைக் கைது செய்திருக்கிறோம்’ என்று பயமுறுத்திப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் கைது’ என்ற மிரட்டலுக்கு இந்த ஒத்திகை மிகவும் பொருந்தும். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே தமது வானொலி உரையில் இதைக் குறிப்பிட்டு எச்சரித்தார். ஆனாலும் படித்தவர்கள் உட்பட பலர் சிக்குவதற்குக் காரணம், மணிக்கணக்கில் காணொலி அழைப்பிலேயே இருக்கவைத்து, வீட்டாரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவிடாமல் தனிமைப்படுத்துவதே. ‘இதை யாரிடமும் சொல்லக் கூடாது’ என்று ஒருவர் கட்டளையிட்டால், அவர் காட்டும் அடையாள அட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும்.

மென்பொருள் சோதனையாளர் எழுதுகிறார்:

நான் இத்துறையில் பணிபுரிபவன் என்பதால் விட வேண்டியவற்றை முதலில் சொல்கிறேன். மாதந்தோறும் கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்ற அறிவுரையை எடுத்துவிடுங்கள். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017ஆம் ஆண்டிலேயே, காரணமின்றிக் குறித்த காலத்தில் மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்று தன் வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. பேருந்து நிலையத்தில் கைப்பேசிக்கு மின்னூட்டம் செய்தால் தகவல் திருடப்படும் என்ற அச்சத்துக்கும் உங்கள் நேரத்தைக் கொடுக்காதீர்கள். சிற்றூர் மக்களின் பணம் அந்த வழியில் போவதில்லை.

ஏபிகே கோப்பைப் பற்றி மட்டும் பொறுமையாக விளக்குங்கள். அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சீட்டு, அரசு உதவித்தொகைப் பட்டியல் என்று எந்தப் பெயரில் வந்தாலும் அது படமோ கடிதமோ அன்று, நிறுவப்படக் காத்திருக்கும் ஒரு செயலி. நிறுவிய பிறகு குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைப் பெற்றுவிட்டால், ஓடிபியை யாரும் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடும். ‘நான் யாருக்கும் எண்ணைச் சொல்லவில்லையே’ என்று பாதிக்கப்பட்டவர்கள் திகைப்பது இதனால்தான்.

வகுப்பில் செய்யத்தக்க அமைப்புகள் இரண்டு. வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்க எண் வைத்துக்கொள்வது ஒன்று. நம் விரல்ரேகையை ஆதார் சரிபார்ப்புக்குப் பயன்படுத்த முடியாதபடி அடைத்துவைக்கும் ஆதார் விரல்ரேகைப் பூட்டு மற்றொன்று. ஆனால், விரல்ரேகை வைத்துப் பொருள் வாங்கும் நியாயவிலைக் கடையில் அதுவே தடையாகும் என்பதையும், தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம் என்பதையும் சொல்லாமல் பூட்ட வைத்தால், மறுநாளே நூலகத்தின் வாசலில் சண்டைக்கு வந்து நிற்பார்கள்.

விதிமுறைகள் மாறிக்கொண்டே இருப்பதால் பாடத்தையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். தனிநபர்கள் யூபிஐ வழியாக ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதி 2025 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. எனினும் கியூஆர் குறியை அனுப்பி ‘ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணை (PIN) போட்டால் பணம் வரும்’ என்று ஏமாற்றுவது தொடர்கிறது. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை என்ற ஒரு வாக்கியம் அதற்குப் போதும். வங்கி, நிதி நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கென்று 1600 எனத் தொடங்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டிருப்பதையும், வங்கிகளின் இணையதள முகவரிகள் பேங்க்.இன் (bank.in) என்று முடியும்படி ரிசர்வ் வங்கி மாற்றச் சொன்னதையும் அறிமுகப்படுத்தலாம்.

பாடப்பொருளுக்கு, மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்காக அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் நடத்தும் தகவல் பாதுகாப்பு விழிப்புணர்வுத் திட்டத்தின் தளத்தைப் பாருங்கள். அங்கே எல்லாம் இலவசம்.

கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் எழுதுகிறார்:

அருகிலுள்ள கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைத் துணைக்கு அழைக்கலாம். கல்வி நிலையங்களில் மாதந்தோறும் முதல் புதன்கிழமையைச் சைபர் விழிப்புணர்வு நாளாக நடத்துமாறு உள்துறை அமைச்சகத்தின் அறிவுறுத்தலே இருக்கிறது. ஆனால், மாணவர்களைக் கற்பிப்பவர்களாக மட்டும் கருதிவிட வேண்டாம். கமிஷன் தருவதாகச் சொல்லி மோசடிக்காரர்கள் அவர்களின் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்கிறார்கள். திருட்டுப் பணம் கடந்து செல்லும் அந்தக் கணக்கின் உரிமையாளர் என்ற முறையில் காவல்துறை முதலில் தேடி வருவது அந்த மாணவரைத்தான். தரவு உள்ளீட்டு வேலை என்று நம்பித் தாய்லாந்து சென்று, 2022இல் மியான்மரின் மியாவாடிப் பகுதியில் மோசடிக் கூடங்களில் அடைபட்ட தமிழ்நாட்டு இளைஞர்களையும் அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும்.

காவிரிக்கரை வாசகர் எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. பாடத்திட்டத்தை வெட்டிவிட்டேன், கைப்பேசியைத் தொடுவதில்லை என்றும் முடிவு செய்துவிட்டோம். ஒரே ஓர் ஐயம். ஏற்கெனவே பணத்தை இழந்தவர்கள் ஊரார் முன்னிலையில் வாய் திறக்கக் கூசுகிறார்கள், வகுப்புக்கே வரத் தயங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் எழுதுகிறார்:

ஐயா, வகுப்பில் யாரையும் அனுபவம் சொல்லச் சொல்லாதீர்கள். வகுப்பு முடிந்தபின் அரை மணி நேரம் ஒருவர் தனியே ஒரு மேசையில் அமர்ந்திருந்தால், வர விரும்புபவர்கள் வருவார்கள். அவர்களிடம் மறவாமல் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகக் கூறி முன்பணம் கேட்டு வருபவர்களும் மோசடிக்காரர்களே. அதேபோல வங்கியின் உதவி எண்ணைக் கூகுளில் தேடினால் போலி எண் கிடைக்கக்கூடும். ஏடிஎம் அட்டையின் பின்புறத்தில் அச்சாகியிருக்கும் எண்ணே சரியானது. நீங்கள் கொடுக்கும் துண்டறிக்கையில் 1930ஐப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, அதன் கீழே வங்கியின் எண்ணுக்கு இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். அவரவர் அட்டையைப் பார்த்து அவரவரே எழுதிக்கொள்ளட்டும்.