ஒரே பங்கு, ஆளுக்கொரு நம்பிக்கை: மலைக்காரங்க அனுபவம் சொல்லுங்க

செண்பகனூர்ப் பையன்

எங்க வீட்டுக் கதையை முதல்ல சொல்லிடறேன், அப்புறம் நீங்க.

போன வருஷம் அம்மாவுக்கு மதுரையில ஆபரேஷன். மொத நாள் ராத்திரி வீட்டுல கூடி ஜெபம் பண்ணிட்டு, விடிஞ்சதும் கீழ இறங்கறதா பேச்சு. பதினோரு பேர் இருந்தோம். எல்லாரும் ஆர்.சி., எல்லாரும் ஒரே பங்கு, அதாவது ஒரே கோயிலைச் சேர்ந்தவங்க. ஆனா ஜெபமாலையில முதல் தேவரகசியம் முடியறதுக்குள்ளயே தகராறு.

அப்பத்தாவுக்கு எண்பத்தாறு வயசு. லத்தீன் பூசை கண்டவங்க. சாமியார் பீடத்துல இருந்து ஜனங்க பக்கம் திரும்பி "தோமினுஸ் வோபிஸ்கும்" சொன்னதை இன்னைக்கும் அதே ராகத்துல சொல்லிக் காட்டுவாங்க. அவங்க ஜெபமாலை "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க". அம்மாவோடது "அருள் நிறைந்த மரியே வாழ்க". தங்கச்சி மறைக்கல்வியில படிச்சது "அருள் மிகப் பெற்ற மரியே வாழ்க". மூணும் ஒரே மந்திரம்தான், ஆனா நீளம் வேற. ஒருத்தர் "ஆமென்" சொல்றப்ப இன்னொருத்தர் நடுவழியில நிப்பாங்க. இது பழகின சண்டை, விடுங்க.

அன்னைக்குப் பெரியம்மா வந்திருந்தாங்க. அல்லேலூயா கூட்டத்துக்கு மாசம் தவறாம போறவங்க. அம்மா தலையில கையை வச்சு சத்தமா ஜெபிக்க ஆரம்பிச்சவங்க, கொஞ்ச நேரத்துல யாருக்கும் புரியாத அந்நிய பாஷைக்குப் போய்ட்டாங்க. அப்பத்தா ஜெபமாலையை மடியில வச்சுட்டு, "சர்வேசுரனுக்குக் காது நல்லாத்தான் கேக்குது"ன்னாங்க. பெரியம்மா நிறுத்தல.

மூலையில சித்தப்பா. கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலை போதி ஜெண்டோவுக்குப் போய் உக்காந்துட்டு வர்ற ஆளு. வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன்: ஜப்பான்ல ஜென் கத்துக்கிட்டு வந்த சேசு சபைச் சாமியார் அமா சாமி 1996ல ஆரம்பிச்ச தியான இடம் அது. சித்தப்பா கம்பளியை மடிச்சுப் போட்டு, சுவரைப் பாத்து சம்மணம் போட்டுட்டாரு. அப்பாவுக்குப் பொறுக்கல. "ஏன்டா, உங்க அண்ணி ஆபரேஷனுக்குக்கூட வாயத் தொறக்க மாட்டியா?"

அம்மாதான் சொன்னாங்க: "விடுங்க, இந்த வீட்டுல அவரு ஒருத்தர்தான் என்னைப் பயமுறுத்தாம இருக்காரு."

மறுநாள் வத்தலக்குண்டுல டீ குடிக்கறப்ப கேட்டேன், என்ன சித்தப்பா ஜெபிச்சீங்கன்னு. "மொத பத்து நிமிஷம் அண்ணிக்காக. அப்புறம் கால் மரத்துப்போச்சு. மிச்ச நேரம் பூரா காலைப் பத்திதான்."

அம்மா நல்லா இருக்காங்க. கொடைக்கானல் சலேத் மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டதாலன்னு அப்பத்தா, தலையில கை வச்சதாலன்னு பெரியம்மா. சித்தப்பா டாக்டர் பேரைச் சொல்றாரு. உங்க பக்கம் எப்படி?

மலைப்பூண்டு

தம்பி, கோவிச்சுக்காதீங்க. ஜென், யோகா எல்லாம் நம்ம வழி இல்ல. ரோம்ல இருந்தே இதைப் பத்தி எச்சரிச்சு 1989ல கடிதம் வந்திருக்கு, எங்க பங்குல தியானப் பிரசங்கம் கொடுக்க வந்தவர் சொன்னாரு. கண்ணை மூடி மனசைக் காலியாக்கினா அங்க யாரு வந்து உக்காருவான்னு கேட்டாரு. எனக்கு அது சரின்னுதான் பட்டுது.

அதுக்காக அல்லேலூயாவும் எனக்கு ஒத்துக்காது. எங்க குடும்பம் தோட்டக்காரங்க. தாத்தா காலத்துல உருளைக்குக் கருகல் விழுந்தா சலேத் கோயிலுக்கு நடந்தே போவாரு. அவரைக் கேட்டா, பிரான்சுல சலேத் மலையில மாதா அழுதப்ப உருளைக்கிழங்கு அழுகினதைப் பத்தியும்தான் பேசினாங்க, அதனால இது அவங்க டிப்பார்ட்மென்ட்டுன்னு சொல்வாரு. அப்பா கோயிலுக்குப் போகல, போர்டோ கலவை மருந்து அடிச்சாரு. (அதுவும் பிரான்சுச் சரக்குதான்னு பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன்.) ரெண்டு பேருக்கும் இதுல பேச்சு வார்த்தையே நின்னிருக்கு.

நான் மருந்தும் அடிக்கிறேன், ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்கு சப்பரத்துக்குப் பின்னாடியும் நடக்கறேன். எது கேட்டுதுன்னு பாக்கறதுக்கு ஒரு வருஷம் ஒண்ணை நிறுத்திப் பாக்கற தைரியம் வரல.

ஓய்வு வாத்தியார்

மலைப்பூண்டு அவர்களுக்கு: 1989 கடிதத்தை நான் முழுதாகப் படித்திருக்கிறேன். அக்டோபர் 15 தேதியிட்டு, அப்போது கர்தினாலாக இருந்த ராட்சிங்கர் கையொப்பமிட்டது. எச்சரிக்கை நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிற சமயத்து முறைகளை ஒரேயடியாக ஒதுக்கிவிடக் கூடாது, கிறிஸ்தவ ஜெபத்தின் தன்மை மறைந்து போகாத அளவுக்குப் பயனுள்ளதை எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. தியானம் கொடுக்க வந்தவர்கள் அந்தப் பத்தியை வாசிப்பதில்லை. பிற மதங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமே சொல்லியாயிற்று.

சலேத் பற்றி: காட்சி நடந்தது 1846 செப்டம்பர் 19. மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகள், மெலனி, மாக்சிமின். ஐந்து வருஷம் விசாரித்து 1851இல் கிரெனோபிள் ஆயர் ஏற்றார். ஏற்றார் என்றால், நம்பலாம் என்று பொருள். நம்பியே ஆக வேண்டும் என்று பொருள் இல்லை. இப்படிப்பட்ட காட்சிகளைத் தனி வெளிப்பாடு என்பார்கள்; அவை விசுவாசத்தின் கட்டாயப் பகுதி அல்ல. கொடைக்கானலில் 1866இல் கட்டிய சலேத் கோயிலில் வருஷா வருஷம் முழங்கால் படியிடும் பாதிப் பேருக்கு இது தெரியாது. சொன்னால் என்னைப் புரொட்டஸ்டண்ட் என்பார்கள். சொல்லியும் இருக்கிறார்கள்.

ஒரு அனுபவம் எனக்கும் உண்டு. இரவு எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

குன்னூர்க் குளிர்

எங்கக்கா ஆர்.சி.யை விட்டு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய் ஆறு வருஷமாச்சு. ஞானஸ்நானம் திரும்ப எடுத்துக்கிச்சு, தோட்டைக் கழட்டிடுச்சு. மாதா சுரூபத்தைத் துணியில சுத்தி அம்மா வீட்டு வாசல்ல வச்சுட்டுப் போய்டுச்சு. மணியடிக்கக்கூட இல்ல. அம்மா இன்னும் அந்தத் துணியைத் துவைக்காம வச்சிருக்காங்க. இதுக்கு மேல எழுத வரல.

லயத்துப்பொண்ணு

குளிரு அக்கா, உங்கம்மாவுக்காக வெள்ளிக்கிழமை ஒரு மெழுகுவத்தி ஏத்தறேன்.

நான் கோத்தகிரி பக்கம். தாத்தா பாட்டி சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்ல இருந்து வந்தவங்க. லயத்துல, அதாவது எஸ்டேட் வரிசை வீட்டுல, ஒரே வாசல்ல மாரியம்மனும் அந்தோணியாரும் இருந்த குடும்பம். ஊட்டி காந்தல் குருசடிக்கு வெள்ளிக்கிழமை போனா எங்க எஸ்டேட் ஆளுங்கள்ல பாதிப் பேரைப் பாக்கலாம், நெத்தியில விபூதியோட. ஏசுவை அறைஞ்ச சிலுவையோட துண்டு மரம்னு நம்பற திருப்பண்டம் இருக்கற இடம், யாரும் யாரையும் என்ன சாமின்னு கேக்கறதில்ல.

ரெண்டு வருஷம் முன்னாடி அக்கம்பக்கத்து வீடுங்க கூடி ஜெபிக்கற எங்க அன்பியக் கூட்டத்துக்கு ஒரு பிரதர் வந்தாரு. குருமடத்துல கடைசி வருஷம்னு நெனக்கிறேன். நல்ல பையன், முகத்துல மீசைகூட சரியா வரல. நேர்ச்சைங்கறது கடவுளோட பேரம் பேசறது, மொட்டை போடறதும் காசு போடறதும் பக்குவமில்லாத விசுவாசம், ஒரு துண்டு மரத்தைத் தேடி பஸ் ஏறிப் போகணுமா, கடவுள் எல்லா இடத்துலயும் இருக்காருன்னு பேசினாரு. எல்லாரும் தலையாட்டினோம். சாமியாரா வரப்போறவர் சொன்னா ஆட்டித்தானே ஆகணும்.

எங்க பக்கத்து லயத்துல ஒரு அப்பாயி. கொழுந்து பறிச்சுப் பறிச்சு விரல்ல கறை போகாதவங்க. "சாமி எல்லா எடத்துலயும் இருக்காருதான் தம்பி. எனக்குத்தான் எல்லா எடத்துலயும் இருக்க முடியல. தோட்டத்துல நின்னா எடை ஞாபகம், வீட்டுல நின்னா அடுப்பு ஞாபகம். அங்க போனாத்தான் நான் இருக்கேன்"னாங்க.

அந்தப் பிரதர் பதில் சொல்லல. டீயைக் குடிச்சுட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை எத்தனை மணி பஸ்ஸுன்னு அப்பாயிகிட்ட கேட்டாரு. போனாரா தெரியாது. நான் அந்த வாரம் போகல.

ஒரு விஷயம் ஒத்துக்கறேன். பிரதர் சொன்னதுல பாதி எனக்குச் சரின்னு தோணுச்சு. புள்ளைக்குக் காய்ச்சல்னா நான் பேரம்தான் பேசறேன். "இது குணமாச்சுன்னா அது தரேன்"னு அப்படியே கடைக்காரன்கிட்ட பேசற மாதிரி. அப்புறம் வெக்கமா இருக்கும். அடுத்த காய்ச்சலுக்கு மறுபடியும்.

மலைப்பூண்டு

வாத்தியார் ஐயா, அந்தக் கடிதம் தமிழ்ல கிடைக்குமா? படிச்சுட்டுப் பேசறேன். லயத்துப்பொண்ணு எழுதினதுக்கு அப்புறம் நான் ஜென்னைப் பத்திச் சொன்னதை வாபஸ் வாங்கல, ஆனா சத்தத்தைக் குறைச்சுக்கறேன்.

ஓய்வு வாத்தியார்

சொன்னபடி எழுதுகிறேன்.

கொடைக்கானலில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு அம்மா இருந்தார். கைம்பெண், தையல் வேலை. அவர் 'மூன்று நாள் இருட்டு' வருகிறது என்று நம்பினார். உலகம் முழுக்க மூன்று நாள் இருண்டுவிடும், சுத்தமான தேன்மெழுகில் செய்து மந்திரித்த மெழுகுவர்த்தி மட்டுமே எரியும், ஜன்னலை மூடிவிட வேண்டும், வெளியே பார்க்கக் கூடாது. தியானக் கூட்டங்களில் கை மாறும் துண்டுச் சீட்டுகளில் வரும் கதை. திருச்சபையின் போதனை அல்ல. பிப்ரவரி 2 மெழுகுவர்த்தித் திருநாளில் அவர் ஒரு பை நிறையக் கொண்டுபோய் மந்திரித்து வருவார். பாரஃபின் கலக்காத மெழுகுக்கு ஒரு மாதத் தையல் கூலி போகும்.

நான் கிண்டல் செய்வேன். "அம்மா, நம்ம ஊரில் மழை வந்தாலே மூன்று நாள் இருட்டுதானே" என்பேன். அவர் சிரிக்க மாட்டார். எனக்காகவும் இரண்டு எடுத்து வைத்திருப்பதாகச் சொல்வார்.

2018 நவம்பர் 16. கஜா. கடலோரத்தில் அடித்த புயல் மலை ஏறி வரும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. மரங்கள் சாய்ந்து பாதை அடைத்துக்கொண்டது, கம்பங்கள் விழுந்தன. எங்கள் தெருவில் மூன்று நாளைக்கு மேலாகவே கரண்ட் இல்லை. முதல் இரவிலேயே கடைகளில் மெழுகுவர்த்தி தீர்ந்துவிட்டது. எதிர் வீட்டில் பச்சைக் குழந்தை. அவர்கள் இந்த அம்மா கதவைத் தட்டினார்கள். அந்தப் பை இருப்பது தெருவுக்கே தெரியும்.

அவர் கொடுக்கவில்லை. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. இது அதற்கானது இல்லை, அந்த நாளுக்கானது என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டார்ச் என் கையில் இருந்தது. நானும் அதைக் கொடுக்கவில்லை. இரவு ஒரு மணி இருக்கும், சாரலில் முக்காடு போட்டுக்கொண்டு அவரே பையோடு இறங்கி, வீடு வீடாகத் தட்டினார். என் கதவையும். "சார், இதுதானோ அதுன்னு தெரியல. எதுக்கும் ஜன்னலைச் சாத்தி வச்சிருங்க" என்றார்.

அவர் மனம் எதனால் மாறியது என்று நான் கேட்கவே இல்லை. இரக்கமா, இல்லை இருட்டு வந்தேவிட்டது என்ற பயமா? எதிர் வீட்டுக் குழந்தையின் தாய், மாதா காப்பாற்றினாள் என்கிறாள். நான் அன்றிரவு ஜன்னலைச் சாத்தினேன், குளிருக்காக.

செண்பகனூர்ப் பையன்

ஐயா, இதை இன்னைக்கு அப்பத்தாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். மெழுகுவத்தி மிச்சம் இருக்கான்னு கேக்கச் சொன்னாங்க.

ஓய்வு வாத்தியார்

ஏழு இருக்கிறது. அந்த அம்மா காலமான பிறகு அவர் மகள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள், உங்களுக்கென்று அம்மா எழுதி வைத்திருந்தார் என்று. மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் டார்ச்தான் எடுக்கிறேன்.

அப்பத்தாவுக்கு வேண்டுமானால் ஞாயிறு எட்டு மணிப் பூசைக்கு வரும்போது இரண்டு எடுத்து வருகிறேன்.