அம்மா விழுந்தும் கடிகாரம் அழைக்கவில்லை – அவசர உதவி

மல்லிகைப்பந்தல்:
விழுந்தால் தானாக அழைக்கும் என்பதற்காகவே அம்மாவுக்கு ஸ்மார்ட் கடிகாரம் வாங்கினோம். நேற்றிரவு விழுந்துவிட்டார். எனக்கும் அழைப்பு வரவில்லை, தம்பிக்கும் வரவில்லை. காலையில் அவரே சொல்லித்தான் தெரிந்தது. பெரிய அடி இல்லை. கடிகாரம் பழுதா? மாற்றித் தரச் சொல்லலாமா? யாராவது உடனே சொல்லுங்கள்.

கதிர்_7:
என்ன கடிகாரம்? தனி சிம் உண்டா, கைபேசியை நம்பி இயங்குவதா? அந்த நேரத்தில் கைபேசி எங்கே இருந்தது?

பழைய வானொலி:
வைஃபைதான். இந்த மாதிரிக் கருவிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும். ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸை அணைத்துப் பாருங்கள், சரியாகிவிடும்.

கதிர்_7:
ஐயா, கடிகாரம் கைபேசியோடு பேசுவது புளூடூத்தில். எது கெட்டாலும் ரௌட்டர் தலையில் போட்டால் எப்படி? பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகக் கைபேசியே அந்தச் செயலியை நிறுத்தியிருக்கும். என் கணிப்பு அதுதான்.

குறிஞ்சிக்கோ:
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது! பதிவு போடும் முன் தேடிப் பார்க்கும் வழக்கம் ஒழிந்தே போயிற்று. ஆப்பிள் கடிகாரமாக இருந்தால், 2018இல் வந்த சீரிஸ் 4 முதல் இந்த வசதி உண்டு. கணக்கில் பதிந்த வயது 55 அல்லது அதற்கு மேல் என்றால் தானாக இயங்கும். குறைவென்றால் நாம்தான் இயக்க வேண்டும். விழுந்தவர் ஏறக்குறைய ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தால்தான் அது தானாக அவசர எண்ணை அழைக்கும். உங்கள் அம்மா எழுந்துவிட்டார் அல்லவா? அப்படியானால் அது பழுதே இல்லை. வேறு நிறுவனம் என்றால் விதியும் வேறு. நோயைச் சொல்லாமல் மருந்து கேட்டால் வைத்தியர் என்ன செய்வார்?

மல்லிகைப்பந்தல்:
கையில்தான் கட்டியிருந்தார். தனி சிம் இல்லை. கைபேசி கூடத்தில், அம்மா குளியலறையில். வழுக்கவில்லை, கதவைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாராம். பெட்டியைப் பார்த்துப் பெயர் சொல்கிறேன்.

வெண்தாதி:
முதியோர் பராமரிப்பில் இருக்கிறேன். 'பிடித்தபடியே உட்கார்ந்தார்' என்பதுதான் முக்கியம், அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். உள்ளே இருக்கும், அசைவை அளக்கும் முடுக்கமானி தேடுவது திடீர் வேகம், ஒரு மோதல், பிறகு அசைவின்மை. மெல்லச் சரிந்தவரை அது விழுந்தவராகக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடலாம். முதியவர்கள் பலர் இப்படித்தான் சுவரையோ கட்டிலையோ பற்றிக்கொண்டு சரிகிறார்கள்.

பட்டையையும் பாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று தோல் கன்றிவிடும். அதற்குப் பயந்து தளர்த்திக் கட்டுவார்கள். பட்டை தளர்ந்திருந்தால் கையில் இல்லை என்றே கடிகாரம் எண்ணிக்கொள்ளலாம்.

தலைசுற்றி உட்கார்ந்தாரா? அப்படியென்றால் கடிகாரம் கிடக்கட்டும், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்திருந்தால் கடிகாரத்தின் காந்த சார்ஜரை மார்பிலிருந்து 15 செ.மீ.க்கு மேல், சார்ஜ் ஆகும்போது 30 செ.மீ.க்கு மேல் தள்ளி வைக்க வேண்டும்.

பழைய வானொலி:
இவ்வளவு தொல்லை எதற்கு? குளியலறை வாசலில் ஒரு கேமரா வைத்தால் முடிந்தது.

வெண்தாதி:
பெற்ற தாயைக் குளிக்கப் போகும்போதும் வரும்போதும் படம் பிடிப்பீர்களா? அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கதிர்_7:
படமே எடுக்காத ராடார் உணரி இருக்கிறது. மில்லிமீட்டர் அலையை அனுப்பி, திரும்பி வருவதைக் கொண்டு ஆள் நிற்கிறாரா கிடக்கிறாரா என்று கணிக்கும்.

பழைய வானொலி:
மின்விசிறி சுற்றினாலும் திரைச்சீலை ஆடினாலும் ஆள் என்று குழம்புகிற உணரிதானே? என் வீட்டில் பார்த்தாயிற்று. அதை விடக் கேமரா மேல்.

குறிஞ்சிக்கோ:
சரியான உயரத்தில், சரியான கோணத்தில் பொருத்தத் தெரியாதவர்களுக்கு எல்லா உணரியும் குழம்பத்தான் செய்யும்.

பழைய வானொலி:
எனக்குப் பொருத்தத் தெரியாது என்கிறீர்களா? நீங்கள் பிறக்கும் முன்பே நான் வானொலிப் பெட்டி பிரித்தவன்.

வெண்தாதி:
இருவரும் தனி இழை தொடங்கிச் சண்டை போடுங்கள். அந்த அம்மாவின் நிலை என்னவென்று முதலில் தெரியட்டும்.

மல்லிகைப்பந்தல்:
பார்த்துவிட்டோம். விழுவதைக் கண்டறியும் அமைப்பு அணைந்தே கிடந்திருக்கிறது. இயக்கியாயிற்று. லேசாகத் தலைசுற்றியதாம், நாளை மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம். எல்லோருக்கும் நன்றி.

வெண்தாதி:
நல்லது. இயக்கியதோடு விட்டுவிடாதீர்கள். மெல்லச் சரிந்தால் அது மறுபடியும் பேசாமல் இருந்துவிடலாம், அதனால் அவசர உதவிப் பொத்தானை அம்மாவே அழுத்திப் பழக வேண்டும். குளியலறையிலிருந்து கூடத்துக் கைபேசி வரை புளூடூத் எட்டுகிறதா என்றும் பாருங்கள். அவசரத் தொடர்புப் பட்டியலில் யார் எண் இருக்கிறது?

கதிர்_7:
மல்லிகைப்பந்தல், இருக்கிறீர்களா?