புதுப்பிப்பு: சூடாகும் பிளக் பாயிண்ட், காரணம் தெரிந்துவிட்டது

அயர்ன் பாக்ஸ் செருகினால் பிளக் பாயிண்ட் சூடாகிறது, கருகல் வாடை வருகிறது, ஆனால் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) விழவில்லை, ஏன் என்று கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் பிளேட்டைக் கழற்றினார். நியூட்ரல் ஒயரை (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) பிடிக்கும் திருகு லூஸ். ஒயரின் மேலுறை பழுப்பாகிச் சுருங்கி, உள்ளே செம்பு கறுத்துப்போயிருந்தது. பிடிப்பு தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும், அங்கே சூடு ஏறும். ஆனால் கரண்டின் அளவு அதிகரிக்காது என்பதால் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. ஷாக் அடிக்காமல் காக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்சும் கரண்ட் கசிவைத்தான் கண்டுபிடிக்கும், லூஸ் கனெக்‌ஷனை அல்ல. இது எல்லா வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

கருகிய நுனியை வெட்டி, பளபளப்பான செம்பு தெரியும்வரை சீவி, புது சாக்கெட்டில் இறுக்கினார். ஒயரை இழுத்தும் பார்த்தார்.

சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கழற்றலாமா என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். சுவிட்ச், கரண்ட் வரும் ஃபேஸ் ஒயரில் இல்லாமல் தவறுதலாக நியூட்ரலில் போடப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் சாக்கெட்டில் கரண்ட் இருக்கும்.

அப்புறம், அயர்ன் பாக்ஸ் பிளக்கின் பின்களும் கறுத்திருந்ததால் அதையும் மாற்றியாயிற்று. விட்டால் புது சாக்கெட்டையும் அது கெடுத்துவிடும்.